ஜூன் 25: இரண்டு நள்ளிரவுகளின் தேதி

1975 ஜூன் 25, புதன்கிழமை. நள்ளிரவு நெருங்கிய வேளையில் குடியரசுத் தலைவர் ஒரு தாளில் கையெழுத்திட்டார். சற்று நேரத்தில் டெல்லி பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் மின்சாரம் நின்றது. தலைநகரின் முக்கிய நாளிதழ்கள் பலவும் அச்சாகும் சாலை அது. எந்திரங்கள் ஓய்ந்தன. விடிந்தபோது பல வீட்டு வாசல்களில் பேப்பர் விழவில்லை.

1983 ஜூன் 25, சனிக்கிழமை. மறுபடியும் நள்ளிரவை ஒட்டிய நேரம். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மைக்கேல் ஹோல்டிங்கின் காலில் பந்து பட்டது. நடுவர் விரலை உயர்த்தினார். அங்கே மாலை வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. இங்கே தூங்கியிருக்க வேண்டிய ஊர்கள் தெருவுக்கு வந்து பட்டாசு வெடித்தன.

இடையில் 8 ஆண்டுகள். இரண்டு இரவுகளிலும் பிரதமர் நாற்காலியில் இருந்தவர் இந்திரா காந்தி.

பத்திரிகைகளின் ‘வரலாற்றில் இன்று’ பெட்டியில் இவை இரண்டும் அடுத்தடுத்த வரிகளாக இருக்கும். அதே எழுத்துருவில், அதே அளவில், ‘மைக்கேல் ஜாக்சன் மறைந்த நாள், 2009’ என்றும் இருக்கும். அந்தப் பெட்டிக்கு எல்லாம் ஒன்றுதான். தேதி பொருந்துகிறதா என்பது மட்டும்தான் அதன் கவலை. ஒரே தேதியில் நடந்தவை என்பதால் இவற்றுக்குள் ஏதோ மர்மத் தொடர்பு இருக்கிறது என்று சொல்லவும் வரவில்லை. ஜோதிடத்துக்கு இந்த இதழில் தனிப் பக்கம் இருக்கிறது. ஆனால், ஒரு தேதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆண்டுகளின் ஊடே நடந்தால், ஒரு நாடு எங்கே இருந்தது, எங்கே வந்து நின்றது என்பது தெரிகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை அப்படி நடந்து பார்க்க ஜூன் 25-ஐப் போல இன்னொரு தேதி கிடைப்பது கடினம்.

முதல் சனிக்கிழமை

1983-ல் கபில்தேவின் கைக்கு உலகக் கோப்பை வந்த அதே மைதானத்தில், அதே ஜூன் 25-ல், அதுவும் ஒரு சனிக்கிழமையில்தான் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. ஆண்டு 1932. கணக்குப் போட்டால் சரியாக 51 ஆண்டுகள்.

அணித்தலைவராகப் புறப்பட்டவர் போர்பந்தர் மகாராஜா. அந்தக் காலத்தில் மன்னர் ஒருவர் இருக்கும்போது சாமானியன் தலைமை தாங்குவது நடக்காத காரியம். ஆனால் தன் ஆட்டத்தின் தரம் மகாராஜாவுக்கே தெரிந்திருந்தது. ஒதுங்கிக்கொண்டார். துணைத்தலைவரான லிம்ப்டி இளவரசரும் விளையாட முடியாமல் போக, டாஸ் போடப் போனவர் சி.கே.நாயுடு. பதவியில் இருப்பவர் தன் எல்லையை உணர்ந்து விலகிய அந்த ஒரு முடிவுக்காகவே போர்பந்தர் மகாராஜாவுக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். அடுத்த இங்கிலாந்துப் பயணத்தில், 1936-ல், விஜயநகரம் இளவரசர் ‘விஸ்ஸி’க்கு அந்த விவேகம் இல்லை. அதன் விளைவை அணி அனுபவித்தது.

இங்கிலாந்தின் தலைவர் டக்ளஸ் ஜார்டின், பிறந்தது பம்பாயில். பேட்டிங்கைத் தேர்ந்தெடுத்தார். ஹோஷியார்பூர்க்காரரான முகமது நிசார் ஓடிவந்து வீசிய வேகத்தில் சட்கிளிஃபும் ஹோம்ஸும் ஸ்டம்ப் பறக்கத் திரும்பினார்கள். கோலாலம்பூரில் பிறந்து, மலாயாவிலிருந்து வந்து அணியில் சேர்ந்திருந்த லால் சிங், ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கினார். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட். பொழுதுபோக்காக ஆட்டம் பார்க்க வந்த லார்ட்ஸ் கனவான்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஜார்டின் நின்றார். முதல் இன்னிங்ஸில் 79, இரண்டாவதில் ஆட்டமிழக்காமல் 85. இந்தியா 158 ரன்களில் தோற்றது. ஆனால் நிசார் முதல் இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். கையில் அடிபட்ட நாயுடு 40 ரன் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் கடைசி வரிசையில் இறங்கிய ராஜ்கோட் அமர் சிங்கின் 51 ரன்கள்தான் டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியர் ஒருவரின் முதல் அரைசதம். அந்தக் கோடையில் கிடைத்தது ஒரே ஒரு டெஸ்ட். ஜார்டின் அதே ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், உடலைக் குறிவைத்துப் பந்து வீசச் செய்து, உலகம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியது வேறு கதை.

கிரிக்கெட் புத்தகங்கள் பெரும்பாலும் சேர்த்துச் சொல்லாத ஒன்று உண்டு. நிசார் லார்ட்ஸில் ஓடிவந்து பந்து வீசிக்கொண்டிருந்தபோது காந்தி எரவாடா சிறையில் இருந்தார். சட்டமறுப்பு இயக்கத்தின் இரண்டாவது அலையை ஒடுக்க, அவசரச் சட்டங்கள் வழியாக அரசு ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆடுகளத்தில் இந்தியா என்ற பெயரில் ஓர் அணி. சிறையில் அந்தப் பெயருக்குரிய நாடு.

முதல் டெஸ்ட் வெற்றிக்கு இன்னும் 20 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அது 1952 பிப்ரவரியில் நம் சேப்பாக்கத்தில், அதே இங்கிலாந்துக்கு எதிராக வந்தது. வினு மன்கட் அந்த ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார்.

மோதிஹாரியில் பிறந்த குழந்தை

1903 ஜூன் 25. பீகாரின் மோதிஹாரியில், ஆங்கிலேய அரசின் அபினித் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் பிளேரின் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. விவசாயிகளைக் கசகசாச் செடி பயிரிட வைத்து, அபினியைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்து கொழுத்த வியாபாரத்தின் ஒரு சிறிய பல்சக்கரம் அந்தத் தகப்பன். குழந்தைக்கு ஒரு வயது ஆன சமயம் தாய் அவனை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய்விட்டார். எரிக் ஆர்தர் பிளேர் வளர்ந்து, 1922-லிருந்து 5 ஆண்டுகள் பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்து, அந்த வேலை கசந்து, ஜார்ஜ் ஆர்வெல் ஆனார்.

அதிகாரம் எப்படிப் பேசும், எப்படிப் பொய்யை உண்மை என்று சொல்லும், நேற்றைய பத்திரிகையை எப்படித் திருத்தி எழுதும் என்பதையெல்லாம் 1949-ல் வந்த ‘1984’ நாவலில் எழுதிவைத்துவிட்டு, அடுத்த ஜனவரியில் 46 வயதில் காசநோயால் இறந்துபோனார். அவர் பிறந்த ஊர் இருக்கும் சம்பாரணில்தான் 1917-ல் காந்தி அவுரி விவசாயிகளுக்காக இந்திய மண்ணில் தன் முதல் சத்தியாகிரகத்தை நடத்தினார். ஒருபக்கம் அபினி, இன்னொரு பக்கம் அவுரி. ஏகாதிபத்தியத்தின் இரண்டு பயிர்களும் விளைந்த மண். ஆர்வெல் பிறந்த வீடு பல காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்து, தாமதமாகத்தான் பராமரிப்புக்கு வந்தது.

ஆர்வெல் உயிரோடு இருந்திருந்தால் 72-வது பிறந்தநாளை 1975-ல் கொண்டாடியிருப்பார். அன்றுதான் அவர் பிறந்த நாட்டில் தணிக்கை அதிகாரிகளுக்கு வேலை வந்தது.

ஒரு கையெழுத்தின் நேரம்

அந்த நள்ளிரவில் வந்த நெருக்கடி நிலையின் கதை 1975 ஜூன் 12-ல் தொடங்குகிறது. 1971 தேர்தலில் ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றியை எதிர்த்து ராஜ் நாராயண் போட்ட வழக்கில், அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா தீர்ப்பளித்தார். அரசு ஊழியராக இருந்தவரைத் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தியது, அரசு அதிகாரிகளைக் கொண்டு பிரசார மேடை அமைத்தது ஆகியவை குற்றங்கள், வெற்றி செல்லாது, 6 ஆண்டுகள் தேர்தலில் நிற்கத் தடை. மேல்முறையீட்டில் ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு தடை கொடுத்தார். பிரதமராகத் தொடரலாம், மக்களவையில் வாக்களிக்கக் கூடாது.

மறுநாள் மாலை டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பெருங்கூட்டத்தில் பேசினார். பிரதமர் பதவி விலக வேண்டும் என்றார். சட்டவிரோதமான உத்தரவுகளுக்குக் காவல்துறையும் ராணுவமும் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றும் சொன்னார். அந்தப் பேச்சைத்தான் அரசு பிற்பாடு முக்கிய நியாயமாகக் காட்டியது. ஆனால் வழி தேடும் ஆலோசனை அந்தக் கூட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 352-வது பிரிவில் இருந்த ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற காரணத்தை எடுத்துக்கொடுத்தவர் மேற்கு வங்க முதல்வர் சித்தார்த்த சங்கர் ராய். அன்றிரவு பிரகடனத் தாள் குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போனது. நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் இருக்கையில் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார்.

அமைச்சரவைக்குத் தெரியாது. காலை 6 மணிக்குக் கூட்டி, முடிந்துபோன காரியத்துக்கு ஒப்புதல் வாங்கினார்கள். அதற்குள் ஜே.பி., மொரார்ஜி தேசாய் எனத் தலைவர்கள் பலர் படுக்கையிலிருந்து எழுப்பப்பட்டுக் கைதாகியிருந்தார்கள்.

குடியரசுத் தலைவர் கால் மணிநேரமோ அரை மணிநேரமோ யோசித்திருந்தால் தேதி ஜூன் 26 ஆகியிருக்கும். உண்மையில், வெகுகாலம் பலர் மனத்தில் பதிந்திருந்தது 26-தான். வானொலியில் பிரதமர் அறிவித்தது 26 காலை. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் வரி விளம்பரப் பகுதியில் தணிக்கையின் கண்ணில் படாமல் ஒரு மரண அறிவிப்பு நுழைந்தது. ஜனநாயகத்தையே ஒரு குடும்பத் தலைவராகச் சித்திரித்து, உண்மையின் கணவர், சுதந்திரத்தின் தந்தை என்று உறவுமுறை வைத்து எழுதிய அந்தக் குறும்பு அறிவிப்பிலும் இறந்த நாள் ஜூன் 26.

மின்வெட்டிலும் ஓட்டை இருந்தது. ‘ஸ்டேட்ஸ்மன்’, ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ இரண்டுக்கும் அலுவலகம் கன்னாட் பிளேஸ் பகுதியில். அங்கே மின்சாரம் கொடுத்தது வேறொரு நிர்வாகம். அதனால் அவை 26 அன்று வெளிவந்தன. சர்வாதிகாரம்கூட நம் நாட்டில் எந்தத் துறைக்கு எந்தத் தெரு என்ற குழப்பத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

அடுத்த 21 மாதங்களில் ‘மிசா’ சட்டத்திலும் இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளிலும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறை வைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் சில மாதங்கள் அவகாசம் கிடைத்தது. மு.கருணாநிதி தலைமையிலான தி.மு.க. உடனடியாகச் செயற்குழுவைக் கூட்டி நெருக்கடி நிலையைக் கண்டித்தது. மாநில ஆட்சி நீடித்தவரை தணிக்கை இருந்தாலும் கைதுகளின் வேகம் இங்கே இல்லை. ‘துக்ளக்’ இதழின் அட்டையைக் கறுப்பாக அச்சிட்டார் அதன் ஆசிரியர் சோ. 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. மு.க.ஸ்டாலின் உள்ளிட்ட பலர் சென்னை மத்திய சிறைக்குப் போனார்கள். அடி உதை பட்டவர்களில் முன்னாள் மேயர் சிட்டிபாபு உயிர் பிழைக்கவில்லை. அந்தச் சிறையில் நடந்ததை விசாரித்தவர், கம்பன் மேடைகளில் நாம் கேட்டு மகிழ்ந்த நீதிபதி மு.மு.இஸ்மாயில். நாடு தழுவிய விசாரணையை நடத்தியது ஷா கமிஷன். அதன் அறிக்கை கண்ணில் படுவதே அரிதாகிவிட்ட காலத்தில், தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-ல் அதை நூலாக்கி மறுபடியும் உலவவிட்டவர் நம் இரா.செழியன். இந்த ஒரு காரியத்துக்கு அவருக்குக் கிடைத்த புகழ் போதாது.

அன்றைய மத்திய அரசில் வர்த்தகத் துறைத் துணை அமைச்சர் ஒருவர் இருந்தார். ஜூன் 25 அவருக்கு 44-வது பிறந்தநாள். பெயர் விஸ்வநாத் பிரதாப் சிங். நெருக்கடி நிலையை அவர் எதிர்க்கவில்லை, அரசிலேயே தொடர்ந்தார். 14 ஆண்டுகள் கழித்து காங்கிரஸை வீழ்த்திப் பிரதமரானவரும் அவர்தான். ஓர் ஆண்டுகூட நிறையாத ஆட்சியில் மண்டல் குழு பரிந்துரையின்படி பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலைகளில் 27 சதவீத இட ஒதுக்கீட்டை அறிவித்தார். காவிரி நடுவர் மன்றத்தை அமைத்தார். இலங்கையிலிருந்து அமைதிப்படை கடைசியாகக் கப்பலேறியதும் அவர் காலத்தில், 1990 மார்ச்சில். 2008 நவம்பர் 27-ல் அவர் இறந்தபோது மும்பைத் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. தொலைக்காட்சிகளுக்கு அவரைக் கவனிக்க நேரமில்லை. உத்தரப்பிரதேசத்துக்காரரான அவருக்கு 2023-ல் சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலை வைத்தது தமிழ்நாடு. ஒரு மனிதரை 1975-ஐ வைத்து அளப்பதா, 1990-ஐ வைத்து அளப்பதா? தமிழ்நாடு 1990-ஐ எடுத்துக்கொண்டது. சரியான தேர்வுதான்.

இன்னொரு செய்தி. டெல்லியில் உரிமைகள் பறிபோன அதே 1975 ஜூன் 25-ல், இந்தியப் பெருங்கடலின் அக்கரையில் மொசாம்பிக் போர்த்துக்கீசியரிடமிருந்து விடுதலை அடைந்தது. சமோரா மசேல் முதல் குடியரசுத் தலைவர். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வரும் வழியில் கால்வைத்த கரை அது.

60 ஓவர், 183 ரன்

இனி அடுத்த நள்ளிரவுக்கு வருவோம்.

1975-ல் நடந்த முதல் உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் ஆட்டமும் லார்ட்ஸில்தான். இங்கிலாந்தின் 334 ரன்னைத் துரத்தக் களமிறங்கிய கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்துகளில் 36 ரன் எடுத்தார். ஒருநாள் ஆட்டம் என்றால் என்னவென்று நமக்குப் பிடிபடாத காலம். அந்தக் கோப்பையிலும் 1979-லும் சேர்த்து இந்தியா வென்றது ஒரே ஓர் ஆட்டம்; அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு எதிராக. 1983-ல் பந்தயக்காரர்கள் இந்தியாவுக்கு 66-க்கு 1 என்று விலை வைத்ததில் தப்பு சொல்ல முடியாது. கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்துக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. உலகக் கோப்பையைச் சாக்கிட்டு லண்டன் போய், அப்படியே அமெரிக்காவுக்குத் தேனிலவு போகலாம் என்று டிக்கெட் எடுத்து வைத்திருந்ததைப் பல மேடைகளில் அவரே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

இறுதி ஆட்டத்தில் கிளைவ் லாயிட் டாஸ் வென்று பந்து வீசத் தீர்மானித்தார். ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். அந்த நால்வரைப் பார்த்து உலகமே நடுங்கியது. கவாஸ்கர் 2 ரன்னில் போனார். மறுமுனையில் ஸ்ரீகாந்த், மூக்கை உறிஞ்சுவது, சூரியனைப் பார்ப்பது, ஸ்கொயர் லெக் பக்கம் ஓர் உலாப் போய் வருவது என்ற தன் சடங்குகளோடு, ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி ராபர்ட்ஸின் பந்தை ஸ்கொயர் டிரைவ் அடித்தார். அவர் எடுத்த 38 ரன்தான் அன்று இரு அணியிலும் சேர்த்து அதிகபட்சம். அந்த எண்ணைச் சென்னைக்காரர்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். கபில், ரிச்சர்ட்ஸ் பெயர்கள் ஒலித்த அளவுக்கு அது ஒலிக்கவில்லை.

இந்தியா 54.4 ஓவரில் 183-க்கு ஆல் அவுட். 60 ஓவர் ஆட்டத்தில் அது ஒரு ஸ்கோரே இல்லை. பல்விந்தர் சந்துவின் பந்து வெளியே போகும் என்று மட்டையைத் தூக்கிவிட்டார் கிரீனிட்ஜ். பந்து உள்ளே வந்து ஸ்டம்பைத் தட்டியது. ஆனால் ரிச்சர்ட்ஸ் வந்து 28 பந்தில் 33 அடித்தபோது எல்லாம் முடிந்ததாகவே தோன்றியது. மதன்லால் வீசிய பந்தை அவர் தூக்கி அடிக்க, கபில்தேவ் பந்துக்கு முதுகு காட்டி எல்லைக்கோட்டை நோக்கி ஓடி, தோளுக்கு மேல் வந்து விழுந்ததைப் பிடித்தார். அப்போது ஸ்கோர் 57. அடுத்த 19 ரன்னுக்குள் இன்னும் மூன்று பேர் போனார்கள். மிதவேகத்தில், காற்றில் நடந்து வருபவரைப் போல ஓடிவரும் மொகிந்தர் அமர்நாத் 12 ரன் கொடுத்து 3 விக்கெட். மேற்கிந்தியத் தீவுகள் 140. வித்தியாசம் 43 ரன்.

அரையிறுதியையும் இறுதியையும் தூர்தர்ஷன் நேரடியாகக் காட்டியது. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் குறைவு. அந்தந்த வீடு ஒரு கொட்டகை ஆனது. மற்ற ஊர்களுக்கு வானொலி. இதில் ஒரு விசித்திரம்: சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியதே நெருக்கடி நிலைக்கு நடுவில், 1975 ஆகஸ்ட் 15-ல். அரசின் குரலாகப் பிறந்த பெட்டி, 8 ஆண்டுகளில் ஒரு நாட்டையே ஒரே நேரத்தில் கத்தவைக்கும் பெட்டியாகிவிட்டது.

வெற்றி பெற்ற அணிக்குக் கொடுக்க கிரிக்கெட் வாரியத்திடம் பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் டெல்லியில் காசு வாங்காமல் பாடி நிதி திரட்டித் தந்தார். ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் ரூபாய். இறுதி ஆட்டத்துக்குக் கூடுதல் டிக்கெட் கேட்டு மறுக்கப்பட்ட வாரியத் தலைவர் என்.கே.பி.சால்வேயின் கோபம், 1987 உலகக் கோப்பையை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் கொண்டுவந்தது. கிரிக்கெட்டின் கஜானா லண்டனிலிருந்து இடம்பெயரத் தொடங்கியது அந்த டிக்கெட் தகராறிலிருந்து என்றால் மிகையல்ல.

கொண்டாட்டக் கட்டுரைகள் விட்டுவிடும் பின்குறிப்பு ஒன்றும் இருக்கிறது. அதே 1983 இறுதியில் லாயிட் அணி இந்தியாவுக்கு வந்தது. 5 ஒருநாள் ஆட்டங்களிலும் வென்றது. டெஸ்ட் தொடரை 3-0 என்று வாரிக்கொண்டு போனது.

மரடோனாவின் இரண்டு ஜூன் 25

கால்பந்துக்கும் இந்தத் தேதி விருப்பமானது. 1978-ல் பியூனஸ் அயர்ஸ் மொனுமென்டால் மைதானத்தில் நெதர்லாந்தை 3-1 என்று வென்று அர்ஜென்டினா முதல் முறையாக உலகக் கோப்பையைத் தொட்டது. மரியோ கெம்பஸ் இரண்டு கோல். மேலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. கோப்பையைக் கொடுத்தவர் ராணுவ ஆட்சியாளர் விடேலா. மைதானத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் கடற்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அரசு கடத்திவந்தவர்களை அடைத்துச் சித்திரவதை செய்த ரகசிய முகாம் அதுதான். கோல் விழுந்தபோது எழுந்த ஆரவாரம் உள்ளே கேட்டதாக, பிழைத்து வந்தவர்கள் சொன்னார்கள். இந்தியாவின் இரண்டு ஜூன் 25-களுக்கு நடுவே 8 ஆண்டுகள் இருந்தன. அர்ஜென்டினாவுக்கு இரண்டும் ஒரே மாலையில் நடந்தன.

அந்த அணியில் 17 வயது மரடோனாவுக்கு இடமில்லை என்று பயிற்சியாளர் மெனோட்டி கடைசி நேரத்தில் நீக்கியிருந்தார். சரியாக 16 ஆண்டுகள் கழித்து, 1994 ஜூன் 25, அமெரிக்காவின் ஃபாக்ஸ்பரோவில் நைஜீரியாவை 2-1 என்று வென்ற மரடோனாவை, ஆட்டம் முடிந்ததும் செவிலியர் ஒருவர் கைபிடித்து ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். சிரித்துக்கொண்டேதான் போனார். எபெட்ரின் தெரியவந்தது. உலகக் கோப்பையில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

1982-ல் இதே தேதியில் ஸ்பெயினின் கிகோனில், மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் 1-0 என்ற ஸ்கோர் இருவருக்கும் போதும் என்பதால், மீதி நேரமெல்லாம் பந்தை உருட்டிக்கொண்டிருந்து அல்ஜீரியாவை வெளியேற்றின. குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடப்பது அதன் பிறகு வந்த வழக்கம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1947-ல் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு ஆம்ஸ்டர்டாமில் புத்தகமாக வந்தது. 1950-ல் ஒரு ஞாயிறு விடியற்காலை வடகொரியப் படை 38-வது இணைகோட்டைத் தாண்டியது. 1953-ல் போர்நிறுத்தம் வந்தது, சமாதான உடன்படிக்கை இன்றுவரை வரவில்லை. அந்தப் போருக்கு இந்தியா அனுப்பியது துப்பாக்கி அல்ல, மருத்துவப் படை. அதை வழிநடத்தியவர் மகாவீர் சக்ரா பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ். இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் சுசேதா கிருபளானியின் பிறந்தநாளும் இதுதான், 1908-ல். 2025-ல் சுபான்ஷு சுக்லா ஃபுளோரிடாவிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் புறப்பட்டார். கசிவு, வானிலை என்று பலமுறை தள்ளிப்போன பயணம் ஜூன் 25-ல் வந்து நின்றது. ராகேஷ் சர்மாவுக்கு 41 ஆண்டுகள் கழித்து விண்ணுக்குப் போன இந்தியர் அவர்.

யாருடைய ஜூன் 25?

2024 ஜூலையில் மத்திய அரசு, ஜூன் 25-ஐ ‘அரசமைப்புப் படுகொலை தினம்’ என்று அறிவிக்கை வெளியிட்டது. அதற்கு எதிர்க்கட்சிகள் கொதித்தன. நெருக்கடி நிலையை நினைவுகூரத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஆளுங்கட்சியின் கையில் இருக்கும் துக்க தினம் எதிராளியை அடிக்கும் கம்பாகிவிடுகிறது. கேள்வி கேட்பவரைச் சிறையில் வைப்பதும், பத்திரிகைகளைக் குனியவைப்பதும் 1977 மார்ச்சோடு முடிந்த சமாச்சாரங்கள் என்று சொல்லிக்கொள்ள அந்த அறிவிக்கை பயன்படுமானால், அது ஆர்வெலுக்குத்தான் பிறந்தநாள் பரிசு. மறுபக்கத்தில் காங்கிரஸ்காரர்கள் ஜூன் 25 வந்தால் கபில்தேவின் படத்தை மட்டும் பகிர்ந்துவிட்டு நகர்கிறார்கள். அதுவும் ஒருவிதத் தணிக்கைதான்.

1978-ல் ஜனதா அரசு கொண்டுவந்த 44-வது அரசமைப்புத் திருத்தம், ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்ற சொல்லை நீக்கி ‘ஆயுதமேந்திய கிளர்ச்சி’ என்று வைத்தது. அமைச்சரவை எழுத்துமூலம் தெரிவிக்காமல் குடியரசுத் தலைவர் இனி அப்படியொரு தாளில் கையெழுத்திட முடியாது. எந்த நெருக்கடியிலும் உயிர்வாழும் உரிமையை முடக்க முடியாது. ஜூன் 25-ன் உருப்படியான நினைவுச்சின்னம் இதுதான். பள்ளிப் பாடத்தில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் தினம் கொண்டாடுவதைவிடப் பலன் அதிகம்.

1975-ல் 15 வயதாக இருந்தவருக்கு இப்போது 65 தாண்டிவிட்டது. மிசா கைதிகள் பலர் இன்று இல்லை. 1983 அணியின் யஷ்பால் சர்மா 2021-ல் மறைந்தார். இந்த இரண்டு இரவுகளையும் நேரில் கண்டவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். அன்று வானொலியில் என்ன கேட்டார், யாரை போலீஸ் கூட்டிப் போனது, யார் வீட்டு டிவியில் ஆட்டம் பார்த்தார் என்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த ஜூன் 25 இதழில் வெளியிடுகிறோம்.